பதினொரு நொடி ஓட்டம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஓட்டக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜத்தில் பேருந்தைப் பிடிக்கக்கூட ஓட மாட்டாள். ஆனால் அவர்கள் எடுக்கும் அனிமே கார்ட்டூன் தொடரில் யாராவது ஓடவேண்டுமென்றால் அந்தக் காட்சி அவள் மேசைக்குத்தான் வரும்.

பதினெட்டாம் பகுதியில், தங்கை மாட்டிக்கொண்ட எரியும் வீட்டை நோக்கி நாயகன் ஓடுகிறான். பதினொரு நொடி. அதற்கு ஐந்து வாரம் உட்கார்ந்து நூற்று முப்பது படங்கள் வரைந்திருந்தாள். பாதி வழியில் ஒரு செருப்பு கழன்றுவிடும். அதன்பின் அவன் கால் வைக்கும் விதமே மாறும். அதைப் பிடிப்பதற்காக ஒற்றைச் செருப்போடு மாடிப்படி ஏறி இறங்கி, கணவனிடம் கேலியும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இயக்குநர் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மூலக்கதை எழுதுறவர் உடம்பு முடியாம படுத்துட்டார். நம்ம கையில ரெண்டே அத்தியாயம்தான் மிச்சம். அதை வச்சு ஆறு வாரம் தள்ளணும். இந்த ஓட்டம் மூணு நிமிஷம் வரணும்."

"அவ்வளவு வரைய நேரமில்லையே சார்."

"யாரு வரையச் சொன்னா? முகத்தை நிறுத்தி வச்சிட்டு, பின்னாடி தீயை மட்டும் நகர்த்துவோம். அவன் மனசுக்குள்ள பேசட்டும்."

"வீடு எரியுது சார். நின்னு பேசிட்டிருந்தா யாரு நம்புவா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மட்டும் தெரியாதாம்மா?"

"அந்தப் பதினொரு நொடியையாவது முழுசா விடுங்க."

"பார்க்கலாம்."

ஞாயிறு மாலை கணவனோடும் மகளோடும் டிவி முன்னால் உட்கார்ந்தாள். திரை நிறைய நாயகனின் முகம் வந்து நின்றது. மகள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். முகம் அங்கேயே இருந்தது.

"இவன் எப்பம்மா ஓடுவான்?"

"இப்ப ஓடுவான், பாரு."

கடைசியில் அவன் ஓடுவதாக, இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும் மூன்று படங்கள் மாறி மாறி வந்து போயின. பாதம் தெரியவே இல்லை. பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் முதலில் வந்தது.

மறுநாள் விடிவதற்குள் அந்த முகத்தை வெட்டியெடுத்து இணையமே சிரித்துக்கொண்டிருந்தது. வரையத் தெரியாதவளுக்கு எதற்கு இந்த வேலை என்று ஒருவன் அவள் பெயரைப் போட்டே எழுதியிருந்தான். நாலாயிரம் பேர் ஆமோதித்திருந்தார்கள். தன் நூற்று முப்பது படங்களையும் அவனுக்குக் காட்டிவிடலாமா என்று நினைத்தாள். அலுவலகத்துப் படங்களை வெளியில் காட்டினால் வேலை போய்விடும்.

"இனிமே என் பேரைப் போடாதீங்க சார்," என்றாள் இயக்குநரிடம்.

"சரிம்மா," என்றார் அவர். அடுத்த வாரத்து வேலைத் தாளை நீட்டினார்.

பத்தொன்பதாம் பகுதியிலும் நாயகன் வாசலை எட்டப்போவதில்லை. இந்த முறை அவன் வாய்விட்டே பேசுவதற்கு, மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதாகத் திறந்த வாய் என்று மூன்று படம் மட்டும் கேட்டிருந்தார்கள். வரைந்து கொடுத்தாள். மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.