நானூறு பேரை அழித்த வரி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. பல்கலைக்கழகத்தில் தரவுத்தளம் படிக்கும் என் அண்ணன் மகள் போனில் அழுதுகொண்டே சொன்னது. அவளும் கண்ணாடி போட்ட அவள் கூட்டாளியும் வீடு வீடாக ஏறி இறங்கி நானூறு பேரிடம் கேள்வி கேட்டு, பதில்களை இருவருக்கும் பொதுவான ஒரே லாகினில் ஏற்றியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை அட்டவணை துடைத்து வைத்தது போலக் காலி. நகலும் இல்லை. அழித்தவர் யாரென்று திங்கட்கிழமை விசாரிப்பேன், அவர் இந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

"கண்ணாடிக்காரிதான் சித்தப்பா. நீங்க கதையா எழுதுங்க, எல்லாரும் படிக்கட்டும்."

2

எழுதினேன்.

கண்ணாடிக்காரி அன்று யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் விரல்கள்—

[வேண்டாம். நான் அவளைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒருத்தியைத் திருட்டு முழி முழிக்க வைப்பது எனக்குக் கைவந்த கலை. அதனால்தான் என்மேல் எனக்கே சந்தேகம்.]

3

மறுபடி போன் செய்தேன். "நீங்க அடிச்ச கட்டளையெல்லாம் பட்டியலா பதிவாகுமாமே. அதுல பாத்தா தெரியாதா?"

"அழிச்ச வரி மட்டும் அதுல இல்ல. முன்னாடி ஒரு இடம் விட்டு அடிச்சா பதியாது. வேணும்னே ஒளிச்சிருக்கா."

விவரத்துக்காக அவளுடைய குறிப்புகளைக் கேட்டேன், உடனே அனுப்பினாள்.*

* இவ்வளவு சுறுசுறுப்பாக அனுப்பியவள் குற்றவாளியாக இருக்க மாட்டாள் என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

அழகுக்காக ஒவ்வொரு கட்டளையையும் முன்னால் ஓர் இடம் விட்டுத் தள்ளியே எழுதியிருந்தாள். அழிக்கும் கட்டளை இரண்டு வரி. முதல் வரி 'அழி' என்கிறது. யாருடையதை என்பது இரண்டாவது வரியில்தான் இருக்கிறது; அது இல்லாவிட்டால் எல்லாருடையதும் போய்விடும்.

"இதையெல்லாம் கையால அடிப்பியாம்மா?"

"எதுக்கு? எடுத்து ஒட்டிட்டு, கடைசில அரைப்புள்ளி வச்சு என்டர் தட்டுவேன்."

"ரெண்டாவது வரிய எடுக்க மறந்துட்டா?"

 

"சித்தப்பா, இத கதையில போடாதீங்க."

4

[முடிவு ஒன்று: அவள் ஆசிரியையிடம் போய்ச் சொல்லிவிடுகிறாள். நம்பத்தான் ஆசை.]

[முடிவு இரண்டு: கண்ணாடிக்காரி வாயில்லாப் பூச்சி, எங்கள் பெண் பேச்சில் கெட்டிக்காரி. திங்கட்கிழமை யார் மாட்டுவார் என்று—]

கையும் களவுமாக நான் எதையும் பிடிக்கவில்லை. என்னிடம் இருப்பது 'போடாதீங்க' என்ற அவளுடைய ஒரு சொல் மட்டும்தான். போட வேண்டாம் என்று சொன்னதைப் போட்டுவிட்டேன், ஆனால் ஆசிரியைக்கு இன்னும் அனுப்பவில்லை. இன்று ஞாயிறு. நடக்கப் பழகியபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் அவள்.

நான் அவளுக்குச் சித்தப்பா. நீங்கள் இல்லை. முடிவை நீங்கள் எழுதுங்கள்.