சத்தார் பாயின் கண்

புடவையில் சிறு பிழை இருந்தால் ஏற்பதும் தள்ளுவதும் தேர்வாளர் விருப்பம் என்பது எங்கள் நெசவாளர் சங்கத்தின் விதி. அந்த விருப்பத்தின்படி மூன்றே முக்கால் லட்சம் புடவைகளைத் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவன் நான்.

போன வாரம் ஆளில்லை என்று மறுபடி கூப்பிட்டார்கள். ஓரிக்கை நெசவாளி மேரியின் புடவையில் ஓர் இழை விட்டுப்போயிருந்தது.

"இதையும் தள்ளினா கடன் குடுத்தவங்க தறியை எடுத்துக்கினு போயிடுவாங்க சார்" என்றாள்.

பூதக்கண்ணாடியில் குனிந்தேன். உள்ளே, எனக்கு முன் தேர்வாளராக இருந்து மாண்டுபோன சத்தார் பாயின் கண், பூசணிக்காய் பருமனில்!

"விருப்பம்னா வீம்பாப்பா? யோசிச்சுப் பாக்கறதுக்குதான் குடுத்துக்கீறாங்க" என்றது கண்.

ஏற்பு முத்திரையைக் குத்தினேன். மேரி சிரித்தபடி போனாள்.

கண் போகவில்லை. நான் தள்ளிய மூன்றே முக்கால் லட்சத்தையும் கொண்டுவரச் சொல்கிறது.