ஈஸ்ட்போர்னில் ஓடிய கடிகாரம்

லண்டன் ஈஸ்ட் ஹாம் செஸ் கிளப்பில் டொலறஸ் ஒருத்திதான் பெண். பகலில் முதியோர் இல்லமொன்றில் வேலை, செவ்வாய்க்கிழமைப் பின்னேரங்களில் செஸ். 1994 வசந்தத்தில் கிளப்காரர் சிலர் ஈஸ்ட்போர்னில் நடக்கும் வார இறுதிப் போட்டிக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளும் பெயர் கொடுத்துவிட்டாள். அது கடற்கரை ஊர் என்பது பிறகுதான் உறைத்தது.

அவளுடைய கணவன் யாக்கோப்புக்குக் கடல் ஆகாது. நான்கு வருடங்களுக்கு முன் போருக்குத் தப்பி மன்னாரிலிருந்து படகேறியபோது நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோனது. அலை படகைப் புரட்டியெடுத்ததில், அவன் பிடித்து வைத்திருந்த கிழவர் ஒருவர் கைநழுவித் தண்ணீருக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து தொலைக்காட்சியில் கடல் தெரிந்தாலே எழும்பிப் போய்விடுவான். இந்த மாரிக் குளிர்காலம் முழுக்க அவன் சரியாகப் பேசவும் இல்லை, உறங்கவும் இல்லை.

"நான் தனியப் போட்டு வாறன். நீங்கள் வீட்டில நில்லுங்கோ" என்றாள்.

"உம்மைத் தனிய விட ஏலாது. நான் ரூமுக்குள்ளயே இருப்பன்."

போட்டி மண்டபத்துக்கு எதிரேயே தங்குவிடுதி கிடைத்தது. விடுதியின் முன்னறை ஜன்னலோரம் கதிரை போட்டு யாக்கோப்பு உட்கார்ந்துகொண்டான். மண்டபத்திலிருந்து டொலறஸ் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கையை உயர்த்தினான்.

காலை ஆட்டத்தில் தோற்றாள். மத்தியானம் வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், கழுத்தில் கம்பளிச் சால்வை. அவசரப்பட்டு ஒரு கோட்டைக் காயைப் பறிகொடுத்தார். டொலறஸ் அதை வெட்டி மேசையோரம் வைத்தாள். வெல்லப்போகும் சந்தோஷத்தில் ஜன்னலைப் பார்த்தாள். கதிரை வெறுமையாக இருந்தது.

ஆசிரியர் காயை நகர்த்திக் கடிகாரத்தைத் தட்டினார். இனி ஓடுவது அவளுடைய நேரம். முழுதும் கரைந்தால் ஆட்டம் போச்சு. அவள் திரும்பவும் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே ஓடினாள்.

"கோட்டும் போடாமல் கடற்கரைப் பக்கம் போனாரே" என்றாள் விடுதிக்காரி.

டொலறஸ் அந்தத் திசையில் விரைந்தாள். கடற்கரையெங்கும் மூடுபனி. மணலை நினைத்து இறங்கிய கால்கள் கூழாங்கற்களில் இடறின. "இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ!" என்று கத்தியபடி தண்ணீரோரமாக ஓடினாள். மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு மரத்தடுப்புக்கு அப்பால் யாக்கோப்பு குந்தியிருந்தான். மடியில் சிப்ஸ் பொட்டலம். சுற்றிலும் கடற்பறவைகள்.

அவள் அப்படியே கற்களில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது.

"என்ன, என்ன நடந்தது?" யாக்கோப்பு பதறினான்.

"உங்களைக் காணேல்லை. நான் பயந்திட்டன்."

"ஜன்னலுக்குள்ள இருந்தாலும் அதின்ர சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தினை நாளைக்கு ஒளிக்கிறது? ஒருக்காக் கிட்டப் போய்ப் பாப்பமெண்டு வந்தன்." அவன் தண்ணீரைப் பார்த்தான். "முதல்ல திரும்பி ஓடப் பாத்தன். அந்தக் கிழவருக்காக ஒரு செபம் சொன்னன். பிறகு பசிச்சுது."

எத்தனை மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து பசி என்ற சொல் வருகிறது! டொலறஸ் சிரித்தாள்.

"அது சரி, உம்மட ஆட்டம்?"

"ஓடிக்கொண்டிருக்கு."

"விசரே உமக்கு? எழும்பும்!"

இரண்டு பேரும் கல்லில் தடுக்கித் தடுக்கி ஓடினார்கள். அவள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது நேரம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. ஆசிரியர் காய்களைத் தொடாமல் காத்திருந்தார்.

"எல்லாம் நலந்தானே?" என்று மெல்லக் கேட்டார்.

"நலம், ஐயா. மிகவும் நலம்" என்றாள் ஆங்கிலத்தில்.

அவசர அவசரமாகக் காய்களைத் தள்ளினாள். வென்ற கோட்டைக்கு ஈடாகத் தன் கோட்டையைப் பறிகொடுத்தாள், ஒரு குதிரையையும் இழந்தாள். கடைசியில் இரண்டு ராசாக்கள் மட்டுமே மிஞ்ச, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. ஆசிரியர் எழுந்து கைகொடுத்தார். வாசலில் நின்ற யாக்கோப்பு, யார் வென்றது என்று தெரியாமலே கைதட்டினான்.

அன்று பின்னேரம் விடுதிக்காரி மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்டுவைத்த ‘பை’யில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. டொலறஸ் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.