ஒப்புதலோடு

ஆயுதச் சட்டத்தில் ஒரே ஒரு சொல்லுக்காக வக்கீலம்மா மல்லுக்கட்டிய கதை அவர் வேலை பார்த்த சட்ட வரைவு அலுவலகம் முழுக்கப் பிரசித்தம். தானே குறிபார்த்துத் தானே சுடும் விமானங்கள் 'மனிதரின் கண்காணிப்பில்' இயங்கட்டும் என்றது ராணுவத் தரப்பு. 'மனிதரின் ஒப்புதலோடு' என்று மாற்றாமல் விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார் அவர். கடைசியில் ஜெயித்தும்விட்டார்.

"வீட்ல எதுக்காவது என் ஒப்புதலைக் கேட்டிருக்கியா நீ?" என்று கணவர் சிரித்தார்.

சட்டம் அமலுக்கு வந்ததும், அது நடக்கும் லட்சணத்தைப் பார்க்க நேரில் போனார். ஜன்னல் இல்லாத அறை. ஏசி குளிர் எலும்பைத் துளைத்தது. ஒப்புதல் அதிகாரி கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணைமேல் உட்கார்ந்திருந்தார்.

"விமானம் ஆளைக் கண்டுபிடிச்சு நம்மளைக் கேட்கும் மேடம். சரின்னா பச்சை, வேணாம்னா சிவப்பு. அவ்ளோதான்."

"சிவப்பை எப்பவாவது அமுக்கியிருக்கீங்களா?"

"அமுக்கினா காரணம் எழுதிக் கொடுக்கணுமே!"

அந்த விதியையும் வக்கீலம்மாதான் எழுதியிருந்தார், பொறுப்புணர்வு வரட்டும் என்று.

கொஞ்ச நேரத்தில் மஃப்ளர்காரர் நெளிந்தார். "பாத்ரூம் போயிட்டு ஓடி வந்துடறேன். நாற்காலி காலியா இருக்கக் கூடாது. நீங்க உட்காருங்களேன்."

"நானா? எனக்குப் பயிற்சியே இல்லையே!"

"சட்டத்துல மனிதர்னு மட்டும்தானே மேடம் இருக்கு?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கதவைத் தாண்டிவிட்டார். வேறு வழியின்றி வக்கீலம்மா உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், திரை விழித்துக்கொண்டது. ஒரு லாரி. அதைச் சுற்றிச் சில உருவங்கள். 'எதிரி, உறுதி' என்றது இயந்திரம். திரையின் மேல்விளிம்பில், மிச்ச நேரத்தைக் காட்டும் ஒரு கோடு மளமளவெனக் குறுகியது. அது தீர்வதற்குள் ஏதாவது செய்தாக வேண்டுமே என்ற பதற்றம். விரல் பச்சையை அமுக்கிவிட்டது.

மஃப்ளர்காரர் கையைத் துடைத்தபடி திரும்பினார். "ஏதாவது வந்துச்சா?"

"அமுக்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு."

"யாருங்க அவங்க?"

"அதைப் பார்க்கிறது வேற பிரிவு, மேடம்."

வக்கீலம்மா பல வாரம் அலைந்து அந்தப் பிரிவிடமிருந்து பதிலை வாங்கினார். லாரியில் இருந்தவை ஏவுகணைகள்தான். தாக்குதலில் தவறேதும் இல்லை.

கணவருக்குப் போன உயிர் திரும்பியது. "அப்புறமென்ன? சரியாத்தானே செஞ்சிருக்கே."

"நான் லாரியைப் பார்க்கவே இல்லைங்க. கோடு குறையுறதைத்தான் பார்த்தேன். அங்க பள்ளிக்கூட வண்டி நின்னிருந்தாலும் அமுக்கியிருப்பேன்."

சட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில், நடந்ததை மறைக்காமல் சொன்னார். இந்த ஒப்புதல் வெறும் கண்துடைப்பு, இத்தகைய விமானங்களையே தடைசெய்ய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

எதிர்க்க எழுந்தவர், அன்று 'கண்காணிப்பு' போதும் என்று வாதாடிய அதே ராணுவத் தரப்புக்காரர். "மனிதரின் ஒப்புதல்தான் நாகரிகத்தின் கடைசி வேலி" என்று உருக்கமாகப் பேசினார். வக்கீலம்மா முன்பு பேசிய பேச்சுதான், ஒரு எழுத்து மாறவில்லை. கைதட்டல் அடங்க நேரமானது.

தீர்மானம் படுதோல்வி. ஆதரித்துக் கை தூக்கியவர் வக்கீலம்மா ஒருவர் மட்டுமே.

வெளியே வந்ததும் ராணுவத் தரப்புக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஏம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு? இன்னைக்கும் நீங்கதானே ஜெயிச்சீங்க!"