தொண்டை கட்டிய நாள்

தலைமையாசிரியை வந்து கடைசி வரிசைக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தபோது என் தொண்டையிலிருந்து வந்தது வெறும் காற்று. ஓட்டை பலூன்கூடக் கொஞ்சம் சத்தம் போடும். வருஷம் முழுக்கக் கத்துகிற தொண்டை, காலை வாரிவிட இந்த ஒரு நாளைத்தானா பார்த்துவைத்திருந்தது? சனியன்.

இந்தப் பள்ளியில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மதியம் ஒரு பாடவேளை தமிழில் நடக்கும். நடத்துகிறவள் நான். தலைமையாசிரியை வந்திருந்தது ஜன்னலோரத்து ஏழு வயசுக்காரிக்காக. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பள்ளியில் வாயே திறந்ததில்லை. தமிழிலும் இல்லை, இந்த ஊர் மொழியிலும் இல்லை. செல்லமாக 'ஊமைக்கோட்டான்' என்பேன். ஆனால் கண் மட்டும் ஒன்றையும் விடாது. இரண்டு மொழி சேர்ந்து பிள்ளையைக் குழப்புகிறது என்பது தலைமையாசிரியையின் கட்சி. இன்று பார்த்துவிட்டு, தமிழ் வகுப்பிலிருந்து அவளை எடுத்துவிடுவதா என்று முடிவு செய்வார். நல்ல மனுஷிதான். நல்லவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் பெரும்பாடு.

வீட்டிலும் இந்த ஊர் மொழியிலேயே பேச வேண்டும் என்று அவள் அம்மாவுக்கும் யாரோ மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. முந்தின நாள் பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், எனக்கு இந்தப் பாஷையில தெரிஞ்சதே மூணு வார்த்தை. சாப்பிடு, தூங்கு, நன்றி. அதையே மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டிருக்கேன். நேத்து அவ தூங்கினதுக்கு நன்றி சொல்லிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

"வீட்ல பேச்சே இல்ல டீச்சர். ஆனா அவ நல்லதுக்குத்தான சொல்றாங்க? படிச்சவங்க சும்மாவா சொல்வாங்க?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பேசுங்க! பிள்ளைகிட்ட நீங்க பாட்டுக்குத் தமிழ்ல பேசுங்க!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். அவள் மசியவில்லை. பாதித் தொண்டை அங்கேதான் போயிருக்க வேண்டும்.

இன்று வகுப்பில் 'மழை எப்படிப் பெய்கிறது?' என்று பலகையில் தலைப்பை எழுதி, புத்தகத்தைப் பார்த்துப் படிக்கச் சொல்லி ஜாடை காட்டினேன். மேகத்துக்காக இரண்டு கையையும் விரித்தேன்.

"யானை!" என்றான் முன்வரிசைக் குண்டன்.

"இல்லடா, டீச்சர் நீந்துறாங்க!"

மேசையைத் தட்டினேன். அவர்களும் தட்டினார்கள். வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. பின்னால் தலைமையாசிரியை பேனாவைத் திறந்து என்னவோ எழுத ஆரம்பித்தார். போச்சு, ஒரு பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

"என்ன இங்க சத்தம்? மீன் மார்க்கெட்டா இது?"

என் அதட்டல், என் இழுப்பு. ஆனால் என் வாய் மூடித்தான் இருந்தது. ஜன்னலோரத்தில் ஊமைக்கோட்டான் எழுந்து நின்றிருந்தாள், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு.

"டீச்சருக்குத் தொண்டை கட்டியிருக்கே, தெரியல? என் உயிரை வாங்கறதுக்குன்னே வந்து சேர்ந்திருக்கீங்க! டேய் யானை, எந்திரி. முதல் வரியப் படி."

குண்டன் எழுந்து படித்தான். அவள் நேரே பலகைக்கு வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டாள்.

"வெயில் பட்டா தண்ணி எங்க போகும்? மேலயா, உன் சட்டைப் பைக்குள்ளயா?"

"மேல!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். இவ்வளவு கேவலமாகவா நான் பாடம் நடத்துகிறேன்? வெட்கமாகவும் இருந்தது, அவளை அப்படியே தூக்கிச் சுற்ற வேண்டும் போலவும் இருந்தது.

தலைமையாசிரியை எழுந்து வந்து, என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். எனக்குக் காற்றுதான் வந்தது. சின்னவள் திரும்பி அவருடைய மொழியிலேயே தட்டுத்தடங்கல் இல்லாமல் பதில் சொன்னாள்: தண்ணீர் மேலே போய் மேகமாகிறது, டீச்சருக்குத் தொண்டை வலி, பாடம் நடக்கும்போது எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டு, கடைசி நாற்காலியை நோக்கி விரலை நீட்டினாள். தலைமையாசிரியை வாயைப் பிளந்தபடி போய் உட்கார்ந்தார்.

கதவு படாரென்று திறந்தது. முடிவைக் கேட்க வந்து, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்த அம்மா, சலவைக்கூடத்து உடுப்போடு உள்ளே பாய்ந்தாள்.

"அடியேய்! பெரியவங்களுக்கா விரல நீட்ற? கொழுப்பு ஏறிப்போச்சா? இத்தன நாளா வாய்க்குப் பூட்டு, இன்னிக்கு ஊரையே அதட்டுறியா? வீட்டுக்கு வா, உன்னை..."

பேசியதெல்லாம் தமிழ். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயந்த கண் தலைமையாசிரியை பக்கம் போனது.

சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு மகள் ஓடி வந்தாள். அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னும் திட்டும்மா."

பின்வரிசையில் தலைமையாசிரியை தன் பக்கத்துக் குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவை வரச் சொல்லிக் கையசைத்தார்.