சுசிலா அன்ரியின் கூட்டம்

யூனிவர்சிட்டி நோட்டீஸ் போர்டில் குத்தியிருந்த ஊசிகளை நகத்தால் நெம்பி, சுசிலாவின் பெயர் போட்ட கூட்ட அறிவித்தலைக் கௌசி கழற்றினாள். போன கிழமை அவளே அச்சடித்து அவளே குத்தி வைத்தது. தாளை நாலாக மடித்து ஜக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

2009 ஏப்ரல். வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி, லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் சனம் இரவு பகலாக இருந்த நாட்கள். அங்கேதான் சுசிலாவை அவள் கண்டாள். எல்லோரும் கோஷம் போட, இந்த மனுசி மட்டும் பொலிஸ் தடுப்பில் சாய்ந்து பேசாமல் நின்றாள். லண்டனுக்குத் தெற்கே, சட்டன் பக்கம் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. மகன் வன்னியில். பதினேழு வயதில் அவனை வீட்டிலிருந்து புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போயிருந்தது. இப்போது அவன் நிற்கும் பக்கம்தான் ஆமி ஷெல் அடிக்கிறது. இரண்டையும் அவள் ஒரே மூச்சில், குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"எங்கட யூனிவர்சிட்டிக்கு வந்து இதைக் கதையுங்கோ அன்ரி."

"அங்க கதைக்க விடுவினமோ பிள்ளை?"

"இது லண்டன். என்னவும் கதைக்கலாம்."

கௌசி சட்டம் படித்தாள். போன தவணை நடந்த விவாதத்தில், இனவாதக் கட்சிக்காரனைக்கூடப் பேச விட்டுத்தான் எதிர்க்க வேண்டும் என்று வாதாடிக் கைதட்டு வாங்கியவள்.

தமிழ்ச் சங்கத் தலைவன் றமணன் போஸ்டரைப் பார்த்துவிட்டு அவளைத் தேடி வந்தான். அவன் சத்தம் போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள்.

"சித்தப்பா ஆக்கள் எல்லாரும் வன்னியிலதான், கௌசி. உயிரோட இருக்கினமோ தெரியாது. இந்த நேரத்தில எங்கட ஆக்களையே குறை சொல்ல வேணுமோ? நாளைக்கு இலங்கை எம்பசிக்காரன் அவவின்ர வாயைத்தான் எடுத்துக் காட்டுவான்."

சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டத்தை நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்தது அவன் அல்ல, கௌசிதான். உறுப்பினர்களின் மனத்தைப் புண்படுத்தக்கூடிய கூட்டத்தை நிறுத்தலாம் என்று மாணவர் யூனியனில் ஒரு விதி இருந்தது. விவாதத்தில் அவள் எதிர்த்துப் பேசிய அதே விதி. யூனியன் அறைக்குப் போய், எங்கள் மாணவர்கள் சிலரை இந்தப் பேச்சு புண்படுத்தும் என்றாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என்ன பேச்சு, யார் பேசுவது என்று ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்களின் உணர்வை மதித்ததற்கு நன்றி என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் கௌசியைப் பிறகு தூங்கவிடவில்லை.

சுசிலாவுக்குப் போன் எடுக்கவும் இல்லை. எடுக்கப் போகும்போதெல்லாம், மனுசி ஷிப்டில் நிற்கும் என்று தனக்குத்தானே சொல்லி வைத்துவிட்டாள்.

கூட்ட நாள் மாலை, மண்டப வாசலில் கௌசி காத்து நின்றாள். சுசிலா சேலை கட்டி வந்திருந்தாள். கொண்டை கட்டி, பவுடர் பூசி, வேறு ஆள் மாதிரி.

"பிந்திட்டனோ பிள்ளை?"

"இல்லை அன்ரி. ஹோலுக்குள்ள தண்ணி ஒழுகுது. இண்டைக்கு ஏலாது எண்டிட்டினம்."

சொன்ன வாய் மூடவில்லை, வாசல் காவலாளி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அறை காலியாகத்தான் இருக்கிறது, உள்ளே போங்கள் என்று இங்கிலீஷில் சொன்னான். லைட் எரிந்துகொண்டிருந்தது. வரிசையாக நாற்காலிகள். தரை காய்ந்து பளபளத்தது.

சுசிலா உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு கௌசியைப் பார்த்தாள். கோபம் வரும் என்று கௌசி காத்திருந்தாள். வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"வாயை மூடு எண்டு எனக்குக் கனபேர் சொல்லியிருக்கினம்," என்றாள் சுசிலா. "அங்கயும் சொன்னவை, இஞ்சயும் சொன்னவை. இவ்வளவு மரியாதையா ஒருத்தரும் சொல்லேல்லை."

"அன்ரி, நான்..."

"பரவாயில்லை. உமக்கும் இஞ்ச நாலு பேரோட இருக்க வேணுமெல்லே."

கௌசி பஸ் தரிப்பு வரைக்கும் கூடப் போனாள். வழியில் சுசிலா அவளுடைய பரீட்சையைப் பற்றி விசாரித்தாள். கௌசி ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள். எனக்காவது சொல்லுங்கோ அன்ரி, நான் கேக்கிறன் என்று வாய்வரை வந்தது. கேட்க அருகதையில்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

பஸ் வந்தது. சுசிலா ஏறி, ஜன்னலோரம் இருந்தாள். கௌசி கையைக் காட்டினாள். சுசிலா பார்க்கவில்லை. முன்சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, எதிரே சனம் இருப்பதுபோல் நிமிர்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாருமில்லை, காதில் போனும் இல்லை. பஸ் நகர்ந்தபோது அவளுடைய உதடுகள் அசையத் தொடங்கியிருந்தன.