சிவப்பில் நின்ற ஊசி

கணவர் கண் அயர்ந்த நேரம் பார்த்து அவள் கணினியில் அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்தாள். காதில் செல்போன். மறுமுனையில், பாதி வழியில் வந்துகொண்டிருக்கும் மகன்.

"செட்டிங்ஸ்ல ஃபெயிலியர்ஸ்னு இருக்கும்மா. அதுல இன்ஜின் ஓவர்ஹீட்னு ஒரு வரி. அந்த டிக்கை எடுத்துடு. அப்புறம் எவ்வளவு சூடானாலும் இன்ஜின் நிக்காது."

எடுத்துவிட்டாள். திருட்டுத்தனம் செய்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

முப்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், ஓய்வுபெற்ற கையோடு கணினியில் விமானம் ஓட்டும் இந்த விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தார். அவள் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். மலையைத் தாண்டி அந்தப் பக்கத்து ஓடுதளத்தில் இறங்க வேண்டும் என்பது அவர் வைராக்கியம். ஆறு வருடமாக நடக்கவில்லை. பாதி ஏற்றத்திலேயே இன்ஜின் கொதித்து நின்றுவிடும். கோளாறே வராதபடி வைத்துக்கொள்ளுங்கள் என்று மகன் ஒருமுறை சொன்னதற்கு, அதைவிட ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் பார்க்கலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நுரையீரலில் கொஞ்சம் நீர், பத்து நாளில் சரியாகிவிடும் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். டாக்டர் வெளியே அழைத்துச் சொன்னது வேறு. போகிற மனிதர் ஒரு தடவையாவது இறங்கிவிட்டுப் போகட்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விழித்ததும் விமானம் ஓட்ட வேண்டும் என்று அவரே கேட்டார். கூடத்தில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை நிமிர்த்தி, சாப்பாட்டுப் பலகையை மடிமேல் வைத்து, அதில் விமானத்தை ஓட்டும் கைப்பிடியை வைத்தாள். ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்தாள். விமானம் கிளம்பியது. அவர் மணிக்கட்டுக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்தாள்.

மலை நெருங்கியது. பாறை, பனி, அதற்கு மேல் நீலம். அவள் திரையருகே குனிந்தாள். "இன்னும் கொஞ்சம்தாங்க."

அவர் மலையைப் பார்க்கவில்லை; திரையின் மூலையில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி சிவப்புக்குப் போய் நாலு நிமிஷம் ஆச்சு," என்றார். "இன்ஜின் நிக்கல."

"நல்ல இன்ஜினா இருக்கும்."

"அப்படி ஒரு இன்ஜின் எங்கயும் கிடையாது."

அவள் கசங்காத போர்வையை நீவிவிட்டாள். பொய் சொன்னால் அவள் கை சும்மா இருக்காது. அது அவருக்குத் தெரியும்.

"பத்து நாள்ல சரியாயிடும்னீங்களே," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "அதுலயும் டிக்கை எடுத்துட்டுத்தான் சொன்னீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தாள். "ஆமாங்க."

"எப்போ?"

"இன்னிக்கோ, நாளைக்கோன்னாங்க."

எந்தப் பாகம் போயிற்று என்று தெரிந்துகொண்ட மெக்கானிக்கைப் போல அவர் தலையசைத்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"டிக்கைப் போடு. முதல்லேருந்து போவோம்."

"இப்பவும் பிடிவாதமா? இன்ஜின் நின்னுடுமே."

"நிக்கட்டும். போடு."

போட்டாள். தன்மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. விமானம் மறுபடி ஓடுதளத்தில் நின்றது. அவரால் கைப்பிடியை அசைக்க முடியவில்லை. அவள் பிடித்துக்கொண்டாள். அவள் கைமேல் அவர் கை.

"ஊசிய மட்டும் பாரு. மஞ்சளுக்கு வந்தா மூக்கைக் கொஞ்சம் இறக்கு. ஆறினதும் ஏத்து."

ஆறு வருடமாக அவர் காட்டாத பொறுமை அது. அவள் ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். ஒருமுறை சரியாக இறக்கியபோது அவர் விரல் அவள் விரலை லேசாக அழுத்தியது. மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போயிற்று. சக்களத்தி பரவாயில்லை என்று அவள் சொன்னதற்கு அவர் சிரித்த சத்தம் கேட்டது.

உச்சி வந்தது. பனிக்கு அப்பால் சமவெளியில் ஒரு சாம்பல் கோடு.

"அதுதானே ஓடுதளம்?" என்று கேட்டாள்.

கைமேல் இருந்த கை கனத்தது. ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் திரும்பவில்லை.

வாசலில் மணி அடித்தது. மகன். இரண்டாம் முறையும் அடித்தது.

ஊசி மஞ்சளைத் தொட்டது. அவள் மூக்கைக் கொஞ்சம் இறக்கினாள்.